கரிக்கோட்டில் உடலின் எடை: மனித உருவம் வரைய ஒரு முழுமையான வழிகாட்டி

திருவையாற்றுக்குக் கிழக்கே ஒரு வயலில் குறுவை நடவு. வரப்பில் உட்கார்ந்து, குனிந்து நட்டுக்கொண்டிருந்த பெண்களைக் கரியில் வரைந்துகொண்டிருந்தேன். முதுகின் வளைவு சரியாக வந்திருந்தது. ஏற்றிச் செருகிய சேலை வந்திருந்தது. கையில் இருந்த நாற்று முடிகூட வந்திருந்தது. கஞ்சி குடிக்கக் கரையேறிய அக்கா ஒருவர் படத்தை எட்டிப் பார்த்தார். "ஏந்தம்பி, நாங்க சேத்துலதான நிக்கிறோம்? இதுல காலு தண்ணிக்கு மேல கொக்காட்டம் நிக்குதே" என்றார்.

அவர் சொன்னது சரி. தலை, முதுகு, கெண்டைக்கால் என்று எல்லா இடத்திலும் ஒரே தடிமனில் கோடு போட்டிருந்தேன். சேற்றில் புதைந்து, உடலின் எடை முழுவதையும் வாங்கிக்கொண்டிருந்த காலுக்கும், காற்றில் ஆடிய முந்தானைக்கும் என் கையில் ஒரே கோடுதான் இருந்தது. உருவம் இருந்தது, கனம் இல்லை.

பிறகு பல வருடங்கள் வரைந்தும், மாலை வகுப்புகளில் சொல்லிக்கொடுத்தும் நான் உறுதியாக நம்புவது இதுதான்: உடலின் எடை எங்கே இறங்குகிறதோ அங்கே கோடு கனக்க வேண்டும், எங்கே விடுபடுகிறதோ அங்கே மெலிய வேண்டும். வெளிச்சம், நிழல், அழகு எல்லாம் அதற்குப் பிறகு. இந்த வழிகாட்டி முழுவதும் அந்த ஒரு விஷயத்தைத்தான் கைக்குப் பழக்கப் போகிறது.

கரி எதற்கு?

பென்சிலால் இதைச் செய்ய முடியாதா என்று மாணவர்கள் கேட்பார்கள். முடியும், ஆனால் பென்சில் முனை கொடுக்கும் தடிமன் குறுகியது. ஒரே கரித்துண்டு முனையில் மயிரிழை போலவும், படுக்கவைத்தால் இரண்டு விரல் அகலத்திலும் ஓடும். ஒரு கோட்டின் நடுவிலேயே அதைத் திருப்பி, மெல்லியதிலிருந்து கனத்ததற்குப் போகலாம். துணியால் தட்டினால் உதிர்ந்துவிடும் என்பதால் தப்புக்குப் பயமும் இல்லை.

நெடுநல்வாடையில் தலைவனைப் பிரிந்து, நகைகளைக் களைந்துவிட்டுக் கட்டிலில் இருக்கும் அரசியைப் 'புனையா ஓவியம்' போல இருந்தாள் என்று புலவர் சொல்கிறார். வண்ணம் தீட்டாமல் கோட்டளவில் நிற்கும் ஓவியம். துயரத்தில் இருக்கும் உடலுக்கு அந்தக் காலத்திலேயே வெறுங்கோட்டைத்தான் உவமையாகத் தேடியிருக்கிறார்கள். கரியைக் கையில் எடுக்கும்போதெல்லாம் அந்தச் சொல் எனக்கு நினைவுக்கு வரும்.

பொருள்கள்

ஓவியப் பொருள் விற்கும் கடைகளில் இரண்டு வகைக் கரி கிடைக்கும். வில்லோ அல்லது வைன் சார்க்கோல் என்பது குச்சியை அப்படியே கரியாக்கியது. மென்மையானது, சாம்பல் கலந்த கறுப்பு, எளிதில் அழியும். கம்ப்ரஸ்டு சார்க்கோல் என்பது கரித்தூளைப் பசை சேர்த்து அழுத்திச் செய்தது. நல்ல அடர்கறுப்பு, ஆனால் முழுதாக அழியாது. ஆரம்பத்துக்கு முதல் வகை, முடிக்கும்போது மிகக் கனமான நாலைந்து இடங்களுக்கு இரண்டாவது வகை. சார்க்கோல் பென்சிலை முதல் இரண்டு மாதம் வாங்கவே வேண்டாம். அது கையைப் பழையபடி எழுதும் பழக்கத்துக்கு இழுத்துவிடும்.

கடையில் வாங்க வசதி இல்லையென்றால் நாமே செய்துகொள்ளலாம். கலம்காரி எழுதுபவர்கள் துணியில் முதல் கோட்டைப் போடப் புளியங்குச்சிக் கரியைப் பயன்படுத்துவது பழைய வழக்கம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சிக்கல்நாயக்கன்பேட்டையில் இன்றும் கலம்காரி எழுதுகிறார்கள். கருப்பூர்க் கலம்காரி என்ற பெயரில் 2021-இல் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது. நம் ஊர்ச் சாலையோரப் புளியமரம் போதும்.

சுண்டுவிரல் தடிமனில், கணு இல்லாத குச்சிகளை ஒரு சாண் நீளத்துக்கு வெட்டிப் பட்டையை உரித்து, ஒரு வாரம் காயவையுங்கள். மூடி இறுக்கமாக உள்ள பால் பவுடர் டின்னில் நெருக்கி அடுக்கி, இடைவெளியில் உலர்ந்த மணலைக் கொட்டுங்கள். உள்ளே காற்று குறைவாக இருக்க வேண்டும் என்பதற்காகத்தான் மணல். மூடியில் ஆணியால் ஒரே ஒரு ஓட்டை. திறந்த வெளியில் கொட்டாங்கச்சி நெருப்பு மூட்டி அதன் நடுவில் டின்னை வையுங்கள். முதலில் வெள்ளையாக நீராவி வரும். பிறகு நெடியுள்ள புகை வந்து ஓட்டையின் வாயில் தீப்பிடித்து எரியும். அந்தச் சுடர் தானாக அடங்கினால் வேலை முடிந்தது. டின்னை வெளியே எடுத்து ஓட்டையை ஈரக் களிமண்ணால் அடைத்து, மறுநாள் காலை வரை திறக்காமல் விடுங்கள். சூட்டோடு திறந்தால் காற்றுப்பட்டு எல்லாம் சாம்பலாகிவிடும். பழுப்பாக இருந்தால் வேகவில்லை என்று பொருள், தாளில் கீறும். நன்றாக வெந்த குச்சி தரையில் விழும்போது 'கிண்' என்று சத்தம் வரும்.

தாளுக்குச் சொரசொரப்பு வேண்டும். வழுவழுப்பான சார்ட் தாளில் கரி ஒட்டாது. கார்ட்ரிட்ஜ் எனப்படும் தடித்த ஓவியத் தாள் நல்லது. பயிற்சிக்கு நியூஸ்பிரிண்டும் (செய்தித்தாள் அச்சடிக்கும் தாள்), நோட்டுப் புத்தகத்துக்கு அட்டை போடும் பிரவுன் தாளின் பளபளப்பில்லாத பக்கமும் போதும். அளவு 15க்கு 22 அங்குலத்துக்குக் குறைய வேண்டாம். சின்னத் தாளில் மணிக்கட்டு மட்டும்தான் வேலை செய்யும். ஐப்பசி, கார்த்திகை மழையில் தாள் ஈரம் குடித்துத் தொய்ந்துவிடும், கரி மங்கலாக உட்காரும். அந்த மாதங்களில் தாளைப் பிளாஸ்டிக் உறையில் வையுங்கள்.

அழிக்க, பிசையும் வகை ரப்பர். அது இல்லையென்றால் ரொட்டியின் வெள்ளைப் பகுதியை உருட்டிக்கொள்ளுங்கள், ரப்பர் வருவதற்கு முன் ஓவியர்கள் அதைத்தான் வைத்திருந்தார்கள். பழைய வேட்டித் துணி ஒன்று. பரீட்சை அட்டையைவிடப் பெரிய பலகை ஒன்று. அவ்வளவுதான்.

படி 1: நின்றபடி, தோளிலிருந்து

பலகையைச் சுவரில் சாய்த்தோ, ஈசல் எனப்படும் ஓவியத் தாங்கியிலோ நெஞ்சு உயரத்தில் வைத்து, கை நீளத் தூரத்தில் நில்லுங்கள். கரியைப் பேனா பிடிப்பதுபோலப் பிடிக்காதீர்கள். கட்டைவிரலுக்கும் மற்ற விரல்களுக்கும் நடுவில் படுக்கவைத்து, உள்ளங்கை தாளைப் பார்த்தபடி இருக்கட்டும். விரல் அசையாமல், தோளும் முழங்கையும் அசைய வேண்டும்.

இதை எங்கே பார்ப்பது என்றால், விடியற்காலையில் வாசலில். கோலம் போடுகிறவர்களைக் கவனியுங்கள். விரல்களின் வேலை மாவை விடுவது மட்டும். கோட்டை இழுப்பது தோள். சிக்குக் கோலத்தில் ஒரே இழை எத்தனை புள்ளிகளைச் சுற்றிவந்தாலும் உடைவதில்லை, ஏனென்றால் இழுப்பவரின் உடம்பு முழுவதும் அந்தக் கோட்டோடு நகர்கிறது. என் வகுப்புக்கு வரும் பெண்களில் கோலம் பழகியவர்களுக்கு முதல் நாளே கோடு நிமிர்ந்து ஓடும். மற்றவர்களுக்கு இரண்டு வாரம் ஆகும்.

படி 2: உருவம் இல்லாத கோடுகள்

முதல் மூன்று நாள் மனித உருவத்தை வரைய வேண்டாம். தாளின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஒரே மூச்சில் கோடு இழுங்கள். மெலிதாகத் தொடங்கிக் கனமாக முடியுங்கள், பிறகு கனமாகத் தொடங்கி மெலிதாக. பிறகு நடுவில் மட்டும் கனம். அடுத்து, கரியைச் சுழற்றி முனையிலிருந்து பக்கவாட்டுக்கு மாறிப் பாருங்கள். வாய்க்கால் மடையைத் திறக்கும்போது நீர் அகல்வதுபோலக் கோடு அகலும்.

ஒரு நாளைக்கு ஐந்து தாள். தாளை வீணாக்குகிறோம் என்று தோன்றும். கை தன் அழுத்தத்தை அறியாமல் உடலின் அழுத்தத்தை வரைய முடியாது.

படி 3: முப்பது நொடி

இப்போது ஆட்களிடம் போகலாம். தாராசுரம் காய்கறிச் சந்தை, கும்பகோணம் பேருந்து நிலையம், நடவு வயல், கல்யாண மண்டபத்துச் சமையல் கூடம் எதுவானாலும் சரி. உடம்பால் வேலை செய்யும் இடமாக இருந்தால் நல்லது. கேட்டுவிட்டு வரையுங்கள். "அண்ணே, நீங்க வேலையப் பாருங்க, நான் ஓரமா நின்னு வரைஞ்சுக்கிறேன்" என்று ஒரு வார்த்தை சொன்னால் யாரும் மறுப்பதில்லை. வேண்டாம் என்று சொல்பவரை வரையாதீர்கள்.

ஒரு உருவத்துக்கு முப்பது நொடி. முகம், விரல், உடை எதையும் தொடாதீர்கள். தலையிலிருந்து எடை தாங்கும் பாதம் வரை ஒரே கோடு, அதுதான் முதலில். மூட்டை தூக்குபவரிடம் அந்தக் கோடு தூண்போல நேராக இருக்கும், முழங்காலில் மட்டும் கொஞ்சம் மடங்கும். இடுப்பில் குடம் வைத்திருப்பவரிடம் அது வளையும்: குடம் இருக்கும் பக்கம் இடுப்பு பிதுங்கும், மேலுடம்பு எதிர்ப்பக்கம் சாயும், அந்தப் பக்கத்துக் கை காற்றில் விரியும். இந்த மூன்றையும் மூன்று வீச்சில் போட்டால் ஆள் வந்துவிடுவார்.

முதல் ஐம்பது படம் குப்பையாகத்தான் வரும். அவற்றை வைத்துக்கொள்ளுங்கள்.

படி 4: ஊன்றிய கால்

இந்தப் படியில் ஒரு மாதம் தங்கினாலும் தப்பில்லை. மற்றது எல்லாம் இதன்மேல்தான் நிற்கிறது.

ஒருவர் இரண்டு காலிலும் சமமாக நிற்பது அபூர்வம். பேருந்துக்குக் காத்திருப்பவரைப் பாருங்கள், எடை ஒரு காலில்தான் இருக்கும். அப்போது உடம்புக்குள் சில மாற்றங்கள் தானாக நடக்கின்றன. ஊன்றிய கால் பக்கம் இடுப்பு எலும்பு மேலே ஏறும். அதே பக்கம் தோள் கீழே இறங்கும். கழுத்துக்குழியிலிருந்து தூக்குக்குண்டு விட்டால் அது ஊன்றிய காலின் கணுக்காலுக்கு மேல் வந்து விழும். இடுப்புக் கோடும் தோள் கோடும் எதிரெதிராகச் சாய்வதால் நடுவில் முதுகெலும்பு வளைகிறது. நம் சிற்பிகள் திரிபங்கம் என்று சொல்லும் மூன்று வளைவும் இதிலிருந்துதான் வருகிறது.

இதைக் கற்றுக்கொள்ள இந்தப் பகுதியில் எனக்குத் தெரிந்த ஆகச் சிறந்த ஆசிரியர் தஞ்சை அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறார். திருவெண்காட்டிலிருந்து கிடைத்த ரிஷபவாகன தேவர், 1011-ஆம் ஆண்டுச் செம்பு. ஒரு கால் ஊன்றி நிற்கிறது, மறு கால் அதன் குறுக்கே ஓய்வாக இருக்கிறது. ஒரு கை காளையின்மேல் சாய்ந்த பாவனையில் வளைந்திருக்கிறது. காளை இன்று அங்கே இல்லை. ஆனால் அந்தக் கையைப் பார்த்தால் அதன் கீழே காளை இருப்பது தெரியும், ஏனென்றால் சாய்ந்த எடை அந்தத் தோளிலும் இடுப்பிலும் அப்படியே இருக்கிறது. அந்தச் சிலையின் முன்னால் ஒரு முழுக் காலை நேரம் நின்று, எடை எங்கே இறங்குகிறது, எங்கே விடுபடுகிறது என்று கண்ணாலேயே கோடு போட்டுப் பாருங்கள். வீட்டுக்கு வந்து நினைவிலிருந்து வரையுங்கள்.

வரையும் முறை: ஊன்றிய கால் பக்கத்து இடுப்பிலிருந்து குதிகால் வரை கரியை அழுத்தி ஒரே கோடு. மண்ணைத் தொடும் இடத்தில் இன்னும் அழுத்தம். ஓய்ந்த காலுக்குக் கரியின் எடை மட்டும் போதும், கையின் எடை வேண்டாம். பாதத்தின் அடியில் ஒரு சின்னக் கருங்கோடு வையுங்கள், ஆள் தரையில் நிற்பார். அது இல்லாவிட்டால் மிதப்பார்.

குனிந்த உடலுக்கு வேறு கணக்கு. நடவில் குனிபவர்கள் இடுப்பு மூட்டில் மடிகிறார்கள், வயிற்றில் அல்ல. புதிதாக வரைபவர்கள் முதுகை வில்லாக வளைத்துவிடுவார்கள். உண்மையில் பழகிய கைகாரர்களின் முதுகு நீண்டு கிட்டத்தட்ட நேராகவே இருக்கும். இன்னொன்றும் கவனியுங்கள்: தலையும் நெஞ்சும் முன்னால் போகப்போக, இடுப்பு குதிகாலுக்குப் பின்னால் போகும். போகாவிட்டால் ஆள் முகம் குப்புற விழுந்துவிடுவார். உங்கள் படத்தில் குனிந்த உருவம் விழப்போவதுபோலத் தெரிந்தால், இடுப்பைப் பின்னுக்குத் தள்ளுங்கள். பத்தில் ஒன்பது முறை தப்பு அங்கேதான் இருக்கும்.

உட்கார்ந்த உருவத்தில் எடை தரையைத் தொடும் இடம் புட்டமும் தொடையும். தொங்கும் கையில் கனம் விரல் நுனிக்கு இறங்கும். தூங்குபவரிடம் உடல் முழுவதும் எடையைத் தரையிடம் ஒப்படைத்திருக்கும். அதனால் தரையைத் தொடும் கோடு முழுவதும் கனமாகவும், மேல்கோடு முழுவதும் மெலிதாகவும் வரும்.

படி 5: அளவு

இதில் நீண்ட நேரம் செலவழிக்க வேண்டாம். நின்ற மனிதர் ஏறத்தாழ ஏழரைத் தலை உயரம். சிற்பிகள் சொல்லும் நவதாளம் (ஒன்பது தாளம்), தசதாளம் (பத்துத் தாளம்) என்ற உயரக் கணக்கில் தாளம் என்பது முகத்தின் நீளம், முழுத் தலையின் உயரம் அல்ல. அதுவும் தெய்வ உருவங்களுக்கான இலக்கணம். இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளாதீர்கள். சுவாமிமலை ஸ்தபதிகள் தென்னை ஓலைக் கீற்றைக் கிழித்து, மடித்து மடித்து அளவு எடுப்பார்கள். நானும் அதையே செய்கிறேன்: கையை நீட்டி, மாடலின் தலை உயரத்துக்கு ஓலையை மடித்து, மற்ற இடங்களை அந்த மடிப்பால் அளக்கிறேன். சரிபார்க்க மட்டும்தான் ஓலை. கோட்டை ஓலையிடம் கேட்கக் கூடாது.

படி 6: மெதுவான கோடு, உள்ளே போகும் கோடு

இப்போது வேகத்தை அடியோடு குறையுங்கள். வீட்டில் யாராவது உட்கார்ந்து வேலை செய்யும்போது, ஒரே படத்துக்கு இருபது நிமிடம். எறும்பு தோளில் ஏறி முழங்கை வழியாக இறங்குவதாக நினைத்துக்கொண்டு, கண் போகும் அதே வேகத்தில் கரியும் போகட்டும்.

அப்படிப் போனால் ஒன்று தெரியவரும். உடலின் வெளிக்கோடு உருவத்தைச் சுற்றி வேலிபோல ஓடுவதில்லை. அடிக்கடி உள்ளே நுழைகிறது. முழங்காலுக்குப் பின்னால் தொடைக்கோடு உள்ளே போய் முடிய, கெண்டைக்கால் கோடு அதன்மேல் புதிதாகத் தொடங்குகிறது. வயிற்று மடிப்பு, அக்குள், கழுத்து, எல்லா இடத்திலும் ஒரு கோடு மற்றொன்றுக்குப் பின்னால் மறைகிறது. எது முன்னால் எது பின்னால் என்று சொல்வது இந்த இணைப்புகள்தான். கை உங்களை நோக்கி நீண்டிருக்கும்போது நீளத்தைக் காட்ட நிழலே வேண்டாம். விரல் கோடு உள்ளங்கையை மறைக்க, உள்ளங்கைக் கோடு மணிக்கட்டை மறைக்க, மணிக்கட்டு முன்கையை மறைக்க, ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கினால் போதும். முன்னால் வரும் கோடு கனமாகவும், பின்னால் போகும் கோடு இணைப்பை நெருங்கும்போது மெலிந்தும் இருக்கட்டும்.

கும்பகோணம் நாகேஸ்வரன் கோயில் மாடங்களில் உள்ள முற்காலச் சோழர் உருவங்களை ஒருமுறை இதற்காகவே போய்ப் பாருங்கள். காலை வெயில் சாய்வாக விழும்போது, அந்தப் பெண் உருவங்களின் இடுப்பில் வெளிக்கோடு எங்கே உள்ளே திரும்புகிறது என்று கல்லே காட்டும்.

படி 7: சுற்றி வரும் கோடுகள்

கை ஒரு உருளை என்பதைக் காட்ட, அதற்குக் குறுக்கே சுற்றும் ஒரு கோடு போதும். நம் ஊரில் அந்தக் கோடுகள் மனிதர்கள் உடம்பிலேயே இருக்கின்றன. வளையல், கொலுசு, அரைஞாண், மேல்துண்டின் ஓரம், கண்டாங்கியின் கரை, நெற்றியில் கட்டிய ஈரிழைத் துண்டு.

கை கண் மட்டத்துக்குக் கீழே தொங்கினால் வளையலின் முன்பக்க வளைவு கீழ்நோக்கிச் சரியும், தலைக்கு மேல் தூக்கினால் அதே வளைவு மேல்நோக்கித் திரும்பும். இதைத் தப்பாகப் போட்டால் கையின் திசையே மாறிவிடும். சேலைக் கரை இன்னும் நல்ல வழிகாட்டி: இடுப்பைச் சுற்றி, தொடைமேல் ஏறி, முழங்காலில் மடிந்து இறங்கும். துணியின் ஒவ்வொரு மடிப்பையும் வரையாமல் கரையை மட்டும் பின்தொடர்ந்தால், துணிக்குள் இருக்கும் உடம்பு தானாகத் தெரியும்.

படி 8: எலும்பு, சதை, இழுப்பு

இதுவரை அழுத்தத்தை எடைக்காக மாற்றினோம். இப்போது கோட்டின் தன்மையையும் மாற்ற வேண்டும். எலும்பு தோலுக்கு அருகில் இருக்கும் இடத்தில், முழங்கை, முழங்கால், கணுக்கால், தோள்பட்டை நுனி, கோடு கூர்மையாக, கோணத்தோடு. சதை உள்ள இடத்தில் கரியைச் சாய்த்து, அகலமாக, ஓரம் மங்கலாக. இழுபடும் பக்கம் கோடு நீண்டு நேராகும். சுருங்கும் பக்கம் குட்டிக் குட்டியாக மடியும்.

தவில் வித்துவான் ஒருவரை ஊர்வலத்தில் வரைந்து பாருங்கள், இது எல்லாம் ஒரே உடலில் கிடைக்கும். தவில் வாரில் தோளிலிருந்து தொங்குவதால் அவர் இடுப்புக்கு மேல் பின்னுக்குச் சாய்ந்திருப்பார். வார் தோளை அழுத்தும் இடம்தான் படத்தின் மிகக் கனமான கோடு. அதை முதலில் போடுங்கள். இடக்கையில் பூவரசுக் குச்சி. அந்தக் கை மணிக்கட்டிலிருந்து சுண்டும், எனவே கோடு துண்டு துண்டாக, வேகமாக. வலக்கை விரல்களில் கூடுகள். அங்கே நிறைய அசைவு, ஆனால் முன்கை உறுதியாக இருக்கும். அசையும் இடத்தில் இரண்டு மூன்று கோடுகள் ஒன்றன்மேல் ஒன்று விழட்டும். சத்தம் கேட்கும்.

படி 9: கோட்டை விடுவது

உருவத்தைச் சுற்றி முழுக் கோடும் போட்டால் அது தாளிலிருந்து வெட்டி ஒட்டியதுபோல ஆகிவிடும். வெயில் படும் தோளில், மெலிந்த முந்தானையில், ஓய்ந்த காலில் கோட்டை நிறுத்திவிட்டு, சற்றுத் தள்ளி மறுபடி தொடங்குங்கள். நடுவில் உள்ள வெற்றிடத்தைப் பார்ப்பவரின் கண் நிரப்பிக்கொள்ளும்.

எங்கே விடுவது என்பதற்கும் எடைதான் விடை. எடை இல்லாத இடத்தில்தான் கோடு இல்லாமல் இருக்கலாம். ஊன்றிய குதிகாலில் விட்டீர்களானால் உருவம் சரிந்துவிடும்.

சோழர் சுவரோவியங்களில் இதற்கு நேர் எதிரான வழியைக் காணலாம். தஞ்சைப் பெரிய கோயில் கருவறையைச் சுற்றிய நடையில் நாயக்கர் ஓவியங்களுக்குக் கீழே மறைந்திருந்த அந்த ஓவியங்களை 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி வெளிக்கொணர்ந்தார். அந்த நடையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடுவதில்லை, அச்சில் வந்த படங்களில்தான் பார்க்க வேண்டும். அங்கே கோடு எங்கும் விடுபடாமல் உருவத்தை முழுதாகச் சூழ்ந்து ஓடுகிறது. ஆனாலும் தேரில் நின்று திரிபுரத்தை எரிக்கும் சிவனின் உடலில் அத்தனை வேகம் இருக்கிறது. தூரிகைக்கு அது வழி. கரி உதிரும் பொருள், அதற்கு இடைவெளி இயல்பாகப் பொருந்துகிறது. இரண்டையும் பழகிப் பார்த்துவிட்டு உங்கள் கைக்கு ஏற்றதை எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 10: தப்பான கோடு

அழித்துச் சுத்தமாக்க வேண்டாம். துணியால் தட்டி மங்கச் செய்து, மேலே சரியான கோட்டைப் போடுங்கள். கை முதலில் எங்கே இருந்தது, பிறகு எங்கே போனது என்ற தடம் படத்தில் இருந்தால் உருவம் மூச்சுவிடும். ரப்பரைக் கூராகப் பிசைந்து வெள்ளைக் கோடு வரையவும் பயன்படுத்தலாம். ஈர முதுகின் பளபளப்பு, தண்ணீரில் கால் நுழையும் விளிம்பு இரண்டுக்கும் அது அருமையாக உதவும்.

நிழல் தீட்டுவதைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன். விரலால் தேய்க்காதீர்கள். தேய்த்தால் வழவழப்பான சாம்பல் கிடைக்கும், கோடு செத்துப்போகும்.

படி 11: மனநிலை

ஜெர்மானிய ஓவியர் கேத்தே கோல்விட்ஸ் (1867–1945) 1933-இல் கரியில் தன்னையே பக்கவாட்டில் வரைந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்து, பிரஷ்யக் கலைக் கழகத்திலிருந்து அவர் விலக நேர்ந்த ஆண்டு அது. முகத்தைப் பொறுமையாக, நுணுக்கமாக வரைந்திருக்கிறார். கரியைப் பிடித்த கையையும் அப்படியே. இரண்டுக்கும் நடுவில் உள்ள முன்கையில் மட்டும் கரியை அழுத்தி முன்னும் பின்னும் வெறியோடு இழுத்த கோணல் கோடுகள். அங்கே சதை இல்லை, சட்டைக்கை இல்லை. முகத்திலிருந்து கைக்குப் பாயும் ஆற்றல் மட்டும் இருக்கிறது. 1943 வங்கப் பஞ்சத்தில் தெருவில் விழுந்து கிடந்தவர்களை வரைந்த ஜைனுல் ஆபேதின், மலிவான தாளில் கறுப்பு மையால் சில வீச்சுகளில் முடித்தார். எடையே இல்லாமல் போன உடல்களுக்கு எலும்பின் கோடுகள் மட்டும் போதுமானதாக இருந்தன.

நம் பக்கம் பார்த்தால், துறையூரை அடுத்த கீரம்பூரில் பிறந்த கே. எம். ஆதிமூலம் (1938–2008) பேனா மையில் காந்தியை வரைந்த கோடுகள் இருக்கின்றன. ஒரு தடித்த வீச்சு முதுகையும் நடையையும் பிடிவாதத்தையும் சேர்த்தே சொல்லிவிடும்.

பயிற்சி இது. திண்ணையில் உட்கார்ந்து புளியில் கொட்டை எடுக்கும் பாட்டியை மூன்று முறை வரையுங்கள். முதல் முறை, கரியைத் தூக்காமல் நீண்ட மெல்லிய கோட்டில் மட்டும். இரண்டாவது, குட்டையான, உடைந்த, அழுத்தமான வெட்டுகளில் மட்டும். மூன்றாவது, கரியைப் படுக்கவைத்து அகலமான பட்டைகளில் மட்டும். உட்கார்ந்த விதம் ஒன்றுதான், ஆனால் முதல் படத்தில் பாட்டி ஏதோ நினைவில் இருப்பார், இரண்டாவதில் கோபமாக இருப்பார், மூன்றாவதில் களைத்திருப்பார். பிறகு பாட்டியை மறுபடி பாருங்கள். இன்று அவர் எப்படி இருக்கிறார்? அதற்கு எந்தக் கோடு? அதோடு நான்காவது படத்தைத் தொடங்குங்கள்.

முகபாவத்தில் உணர்ச்சியைத் தேடுகிற பழக்கத்தை இங்கே விட்டுவிட வேண்டும். முகத்தை வெறுமையாக விட்டுவிட்டே சோகத்தைக் காட்ட முடியும், தோள் இறங்கும் கோடு சரியாக இருந்தால்.

படத்தைக் காப்பது

கரி எப்போதும் உதிரும். கரியைத் தாளில் ஒட்டவைக்கும் ஃபிக்ஸேட்டிவ் ஸ்பிரே இருந்தால் ஓர் அடி தூரத்தில், வெளிக்காற்றில், இரண்டு மூன்று முறை மெலிதாக அடியுங்கள். ஒரே முறையில் நனைத்தால் வெளிர்க் கோடுகள் காணாமல் போய்விடும். ஸ்பிரே இல்லாத காலத்தில் தண்ணீர் கலந்த பாலைக்கூடப் பயன்படுத்தினார்கள், வான் கோ அப்படிச் செய்திருக்கிறார். நம் ஊர் ஈரத்தில் அதற்குப் பூஞ்சை பிடிக்கும் என்பதால் நான் செய்வதில்லை. படங்களுக்கு நடுவில் பட்டர் தாள் வைத்து, படுக்கைவசத்தில் அடுக்குங்கள். பின்பக்கம் தேதியும் இடமும் எழுதுங்கள்.

முடித்த படத்தை வரையப்பட்டவரிடம் காட்டுங்கள். ஓவியம் தெரியாதவர் என்று தயங்க வேண்டாம். தன் உடம்பின் எடை எந்தக் காலில் இருக்கிறது என்று அவரைவிடத் தெரிந்தவர் யாருமில்லை. "எனக்கு இந்த முட்டி நோவும், அதனால இந்தப் பக்கம்தான் சாஞ்சு நிப்பேன்" என்று ஒருவர் சொன்னால், அடுத்த தாளை எடுத்து, அந்த முட்டியிலிருந்து தொடங்குங்கள்.